இவ்வாண்டின் சிறந்த படம் எது?



ஆண்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. இந்த நாட்களில் கைத்தொலைபேசியில் நிரம்பிக் கிடக்கும் படங்களைப் புரட்டிப் பார்ப்பது நம்மில் பலருக்கும் ஒரு சுகம். அக்காள் மகளின் திருமணம், மாரியம்மன் கோயில் திருவிழா, பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே யாரும் எதிர்பாராத ஒரு படமும் எட்டிப் பார்க்கும். வாய்க்கால் ஓரம் நாக்கை நீட்டி நிற்கும் உடும்பு. மின்கம்பியில் வரிசை கட்டி உட்கார்ந்த குருவிகள். செம்பனை மட்டையின் மேல் கண்ணை உருட்டும் ஆந்தை. அதைப் பார்த்ததும் விரல் தானாக நின்றுவிடும். "இது எங்கே எடுத்தது, ஞாபகம் இருக்கிறதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம்.

உலகின் பல நாடுகளில், பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர்கள் ஆண்டு இறுதியில் ஒன்று செய்கிறார்கள். அந்த ஆண்டில் தாம் எடுத்த பறவை, விலங்குப் படங்களில் தம் மனத்துக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது கிடைத்த கதையையும் சொல்லி, மற்றவர்களோடு பகிர்ந்து கொள்கிறார்கள். இவர்களுக்கு இதில் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் பள்ளியிலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர்கள்தாம். கிடைத்த ஓய்வு நாளில் காட்டோரம் போய்க் காத்திருந்து எடுத்த படம் ஆதலால் அதன் மேல் அவர்களுக்கு அத்தனை ஆசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

இந்த நல்ல வழக்கம் நம் வீடுகளுக்கும் வந்தால் என்ன? அதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேசப் போகிறேன்.

★ சாதாரண மனிதர்கள் செய்த பெரிய காரியம்

"அதெல்லாம் ஆயிரக்கணக்கில் வெள்ளி போட்டுக் கேமரா வாங்கியவர்கள் செய்யும் வேலை" என்று நீங்கள் சொல்லலாம். சற்றுப் பொறுங்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். முதலில் அவர் துப்பாக்கி தூக்கிய வேட்டைக்காரர். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினார். இரவில் விலங்கு நடக்கும் பாதையின் குறுக்கே கம்பி கட்டி வைப்பார். விலங்கின் கால் பட்டதும் ஒளி மின்னும், படம் பதிவாகிவிடும். விலங்கு தன்னைத் தானே படம் எடுத்துக் கொண்டது போலத்தான்! 1906ஆம் ஆண்டு ஜூலை மாத 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழில் அவருடைய 74 படங்கள் வெளிவந்தன. இரவில் விலங்குகள் என்ன செய்கின்றன என்பதை அன்றுதான் பல்லாயிரம் பேர் முதன்முதலாகக் கண்டார்கள்.

இன்று நம் நாட்டுக் காடுகளில் புலியைக் கணக்கெடுப்பதற்கும் மரத்தில் கட்டிவைக்கும் தானியங்கிக் கேமராக்களைத்தான் நம்புகிறார்கள். மனிதருக்குக் கைரேகை எப்படியோ, புலிக்கு அதன் வரி அப்படி. ஒன்றைப் போல் இன்னொன்று இராது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, தீபகற்ப மலேசியக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்று காட்டியது. அந்தத் துயரச் செய்தியை நமக்குச் சொன்னவையும் படங்கள்தாம்.

நம் தமிழரிலும் ஒரு பெரியவர் இருந்தார். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912ல் பிறந்தவர். யானையையும் மானையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். 1950ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி ஒரு தொடர் பத்தி எழுதத் தொடங்கி, 1996ல் காலமாகும் வரை, 46 ஆண்டுகள் எழுதினார். 1970ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பல பாகங்களைத் தாமே ஒட்டிச் சேர்த்து உருவாக்கிய கேமராவைக் கொண்டு படம் எடுத்தவர் என்பதைக் கவனியுங்கள்.

இவற்றையெல்லாம் விட என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தானில் 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நடந்தது அது. காட்டுப் பொருள்களைத் தேடிப் போன உள்ளூர் ஆட்கள் இருவர், தாங்கள் அறியாத ஒரு பறவையைக் கண்டார்கள். படம் எடுத்தார்கள், பறவையைத் திரும்பப் பறக்க விட்டார்கள், "இது என்ன பறவை?" என்று விவரம் தெரிந்தவர்களுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது! 1840களில் ஒரே ஒரு முறை பிடிபட்டு, அதன் பிறகு 170 ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவே இல்லாத கறுப்புப் புருவச் சிலம்பன் அது. 2021 பிப்ரவரியில் செய்தி உலகெங்கும் பரவியது. பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் தேடிக் கிடைக்காததை, காட்டில் வேலை செய்து பிழைப்பவர்கள் ஒரு படத்தில் கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள்.

காரணம் என்ன? அவர்கள் தினமும் அங்கே இருப்பவர்கள். வழக்கமாக வருவது எது, வழக்கத்துக்கு மாறானது எது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள். தோட்டத்துக் குடும்பங்களுக்கும் அந்தக் கண் உண்டு. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் மரத்து நிரைக்குள் இறங்கி நடந்தவர்களின் பிள்ளைகள் அல்லவா நாம்?

★ நம் கண்ணெதிரே இருப்பவை

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் கம்பத்தின் மேல் பொருத்திய மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முகத்துக் கூகை குடியிருக்கும் பெட்டி அது. அபசகுனம் என்று நம் பாட்டிமார் அதன் குரலைக் கேட்டுக் காதைப் பொத்திக் கொள்வார்கள். ஆனால் செம்பனைப் பழத்தைக் கடித்து நாசம் செய்யும் எலிகளை அதைப் போல் ஒடுக்குபவர் யாரும் இல்லை. ஓர் இணைக் கூகையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எலி விஷத்துக்குச் செலவிடுவதைக் குறைக்கலாம் என்றுதான் தோட்ட நிர்வாகங்கள் பெட்டி வைத்து அதை வரவேற்கின்றன. மாலை மங்கும் நேரத்தில் பெட்டி வாசலில் அது வந்து நிற்கும் காட்சி ஒரு நல்ல படம். லண்டனில் 1965ஆம் ஆண்டு தொடங்கிய புகழ்பெற்ற வனவிலங்குப் படப் போட்டியில் முதல் ஆண்டுப் பரிசைப் பெற்றதும் ஓர் ஆந்தையின் படம்தான்.

டவுனில் இருப்பவர்களுக்கும் குறைவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் மாலையானால் கடைத்தெரு மின்கம்பிகளில் ஆயிரக்கணக்கில் குருவிகள் வந்து அடையுமே, அவை தகைவிலான்கள். மலாய் மொழியில் லாயாங்-லாயாங் என்பார்கள். பெந்தோங் போன்ற டவுன்களில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கார் கண்ணாடியில் எச்சம் விழுகிறதே என்று நாம் சலித்துக் கொள்கிறோம். வடக்கே குளிர் கடுமையாகும் நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த விருந்தாளிகள் அவை என்று தெரிந்தால் அந்தச் சலிப்பு வருமா?

போர்ட் டிக்சன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போனால் அருகிலுள்ள தஞ்சோங் துவானில் சற்று நேரம் வானத்தைப் பாருங்கள். சுமத்திராவிலிருந்து கடலைக் கடந்து வடக்கே திரும்பும் பருந்துகள் கூட்டம் கூட்டமாக வரும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு நீர்நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1970களில் அங்கே காணாமற் போன விலங்கு அது. ஆறுகளைச் சுத்தப்படுத்திய பின், 1990களின் இறுதியில் திரும்பி வந்தது. இன்று எந்த ஆற்றில் எந்தக் குடும்பம், இவ்வாண்டு எத்தனை குட்டி என்று கணக்கு வைத்திருப்பவர்களில் பலர், வேலைக்குப் போகுமுன் கேமராவோடு ஆற்றோரம் ஓடும் சாதாரண மனிதர்களே.

★ ஒரு தாயின் கடிதம்

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் கடமை முடிந்ததாகாது. ஒரு தோட்டத்துத் தாய் எழுதிய கடிதம் என் மேசை மேல் இருக்கிறது. அவருடைய மகனுக்குப் பதினான்கு வயது. படம் எடுப்பதில் பைத்தியம். லயத்தின் செம்பருத்தி வேலியில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்ததாம். உறவுப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு படம் எடுத்து, யாருடையது சிறந்தது என்று பார்ப்பதாகப் பேச்சு. கூடு இலைக்குள் மறைந்திருந்ததால் படம் தெளிவாக விழவில்லை. பையன் சுற்றியிருந்த கிளைகளை ஒடித்து ஒதுக்கினான். படம் கண்ணாடி போல் வந்தது. அவன் படத்துக்கே முதலிடம் கிடைத்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கூடு காலி. தாய்க் குருவி மட்டும் வேலியின் மேல் இங்கும் அங்குமாகக் கத்திக் கொண்டிருந்ததாம். "அன்றிலிருந்து பையன் படமே எடுப்பதில்லை, ஐயா. அந்தப் படத்தையும் அழித்துவிட்டான். இனி அவனை எடுக்க விடலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, அந்தப் பிள்ளையின் மனம் நல்ல மனம். வருந்துகிறவனுக்குத்தான் கற்றுக் கொடுக்க முடியும். அவனிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். குருவிக்கு இலைதான் கதவு, இலைதான் கூரை. அதை ஒடித்தால் காகம் பார்க்கும், பூனை பார்க்கும், பாம்பு பார்க்கும். நடுப்பகல் வெயில் இறகு முளைக்காத குஞ்சின் மேல் நேராக விழும். நாம் நெடுநேரம் பக்கத்தில் நின்றால் தாய் இரையோடு வந்தும் கூட்டுக்கு இறங்காது.

இருவாய்ச்சிப் பறவையின் கதை இதைவிடக் கொடிது. பெண் பறவை மரப் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக் கொண்டு, சிறு துவாரம் மட்டும் விட்டு உள்ளேயே இருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. நாம் கீழே கூட்டம் போட்டு ஆணை விரட்டினால் உள்ளே இருக்கும் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே கூட்டில் இருக்கும் குஞ்சைப் படம் எடுக்க வேண்டாம். இதை ஒரு சட்டமாகவே வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். கூகைப் பெட்டியில் ஏறி எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். அடைகாக்கும் நேரத்தில் தொந்தரவு கண்டால் முட்டையை விட்டே போய்விடக்கூடும். குஞ்சு பறக்கப் பழகி வெளியே வந்து, தாயோடு கிளையில் உட்காரும் நாள் வரும். அன்று எட்ட நின்று ஒரு படம் எடுக்கட்டும். மகனிடம் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுங்கள், அம்மா. இனி அவன் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் கவனம் இருக்கும்.

★ படம் பொய் சொல்லலாமா?

முதற்பரிசு ஆசை பெரியவர்களையும் விட்டு வைப்பதில்லை. மேலே சொன்ன லண்டன் போட்டியிலேயே 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு, ஓநாய் ஒன்று மரக்கதவைத் தாண்டிப் பாயும் படத்துக்குக் கிடைத்தது. அது காட்டு ஓநாய் அன்று, பழக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017ல் வென்ற எறும்புதின்னிப் படம் ஒன்றும் 2018ல் தள்ளப்பட்டது. அதில் இருந்தது பஞ்சடைத்த விலங்கு என்பது நிபுணர்களின் முடிவு. எடுத்தவர்கள் இருவரும் மறுத்தார்கள். ஆனாலும் என்ன? அந்தப் படத்தைப் பார்க்கும்போது இனி யாருக்கு மகிழ்ச்சி வரும்?

இப்போது கணினியே இல்லாத விலங்கை இருப்பது போல் வரைந்து கொடுத்துவிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நீங்கள் காத்திருந்த நேரம் இல்லை, உங்களைக் கடித்த கொசு இல்லை, அந்த விலங்கும் இல்லை. சற்று மங்கலாக இருந்தாலும் உண்மையில் பார்த்ததை எடுத்த படத்துக்கே மதிப்பு.

★ இடத்தைச் சொல்லாதீர்கள்

இன்னொரு முக்கியமான செய்தி. நம் வட்டாரத்தில் பாடும் பறவைக்குப் பெரிய சந்தை உண்டு. மலாயில் முராய் பத்து என்றும் பாராவ்-பாராவ் என்றும் சொல்லப்படும் பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைத்து விற்கிறார்கள். இனிய குரலே அவற்றுக்கு எமனாகிவிட்டது. பாராவ்-பாராவ் இன்று உலகிலேயே அழியும் விளிம்பில் இருக்கும் பறவைகளில் ஒன்று.

நீங்கள் ஆசையோடு ஒரு படத்தை அனுப்பி, "எங்கள் தோட்டத்தில் மூன்றாம் நம்பர் காட்டுப் பக்கம், ஆற்றுப் பாலத்துக்கு அருகில்" என்று எழுதினால், அந்த வரியை யார் யார் படிப்பார்கள்? ரசிகனும் படிப்பான், கண்ணி வைப்பவனும் படிப்பான். பல கைத்தொலைபேசிகள் எடுத்த இடத்தையும் படத்தோடு சேர்த்துக் குறித்து வைத்துக் கொள்ளும். விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் அதை அணைத்துக் கொடுப்பார்கள். அரிய பறவை என்றால் மாநிலத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள், அது போதும். காவலில் உள்ள வனவிலங்கைப் பிடிப்பதும் அனுமதியின்றி வளர்ப்பதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

★ உயிர் முக்கியம்

படத்துக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பாம்பு வீட்டுக்குள் வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு 999க்கு அழைத்துப் பொம்பாவுக்குச் சொல்லுங்கள். படம் பிறகு. யானை செம்பனைக்குள் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். யானையின் ஓட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் இருப்பவர்கூடத் தடுமாறுவார். குரங்குக்குத் தீனி காட்டிப் படம் எடுக்காதீர்கள். நாளை அது பள்ளிப் பிள்ளையின் பையைப் பிடுங்கும். சிங்கப்பூரில் 2020 முதல் வனவிலங்குக்குத் தீனி போடுவதே சட்டப்படி குற்றம்.

மற்றபடி படம் நன்றாக வருவதற்கு இரண்டு மூன்று வழிகளே உண்டு. காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லவை. விலங்கின் உயரத்துக்கு நீங்களும் குனியுங்கள். கண் தெளிவாக விழுந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். துரத்தாமல் ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள்; அதுவாக வரும். நீண்ட லென்ஸ் இல்லாதவர்கள் தூரத்துப் பறவையை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் தட்டான், சிலந்தி, வண்ணத்துப்பூச்சி, ஓணான் இவற்றைப் பாருங்கள். கைத்தொலைபேசிக்கு அவையே ஏற்றவை.

★ இந்த ஞாயிற்றுக்கிழமை

இனி என் யோசனைக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பமாக உட்காருங்கள். இவ்வாண்டு எடுத்த படங்களில் ஆளுக்கொரு விலங்கையோ பறவையையோ தேர்ந்தெடுக்கட்டும். ஏன் பிடித்தது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். தெளிவு, அழகு இவற்றைக் கடைசியில் பாருங்கள். முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். இது உண்மையா? இதை எடுத்ததால் அந்த உயிருக்குத் தீங்கு வந்ததா? இதில் சொல்வதற்குக் கதை இருக்கிறதா? மூன்றிலும் தேறியதே உங்கள் வீட்டின் சிறந்த படம்.

அதை டவுன் கடையில் கொடுத்து அச்சிட்டு, பின்பக்கத்தில் தேதி, தோட்டத்தின் பெயர், எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். வெளியாருக்கு அனுப்பும் படத்தில்தான் இடத்தை மறைக்க வேண்டும். வீட்டுப் படத்தில் மறைக்க வேண்டாம். தாத்தா பாட்டி இருந்தால் படத்தைக் காட்டி, "இதற்கு உங்கள் காலத்தில் என்ன பெயர்?" என்று கேளுங்கள். கித்தாக் காட்டில் அவர்கள் கேட்ட குரல்கள், பார்த்த தடங்கள், வைத்த பெயர்கள் பல எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு அவையும் போய்விடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. கோயில் இருந்த இடத்தையும் பிரட்டுக் களம் இருந்த இடத்தையும் கையால் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நம்மோடு வாழ்ந்த உயிர்களும் சொல்லிக் கொள்ளாமல் போய்விட்டன. நாளை உங்கள் பேரப்பிள்ளை, "நம் தோட்டத்தில் என்னென்ன இருந்தது, தாத்தா?" என்று கேட்கும். அப்போது எடுத்துக் காட்டக் கையில் ஒரு படமாவது இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்துவிட்டீர்களா? எந்தப் படம், யார் எடுத்தது, வீட்டில் எத்தனை பேர் சண்டை போட்டீர்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.